‘விடு’ என்று நான் கத்தியது

போன மாதம் நான் ஓய்வுபெறும்வரை வேலைசெய்த மின்சாரக் கந்தோரிலிருந்து ஓர் அறிவித்தல் என் கைபேசிக்கு வந்தது. கச்சான் காற்று தொடங்கப் போகிறது, பட்டக் காலம் வருகிறது என்று பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஒட்டுவதற்காக எழுதியிருந்தார்கள். அனுப்பியவர் அங்கே இப்போது தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கும் ரிஸ்னா. எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது வரி இப்படி இருந்தது: ‘பட்டத்தின் நூல் மின்கம்பியை நெருங்கினால் உடனடியாக விட்டுவிடவும்.’

நான் உடனே அழைத்தேன்.

“தங்கச்சி, மூணாவது வரிய வெட்டுங்க.”

“ஏன் காக்கா? செரியாத்தானே இரிக்கி?” என்றார். காக்கா என்றால் எங்களிடையே அண்ணன்.

“என்னத்த விடச் சொல்றீங்க?”

“நூலத்தான்.”

“நூல விடுறது எண்டா எங்கட ஊருல என்ன செய்யிறது?”

அவர் அந்த வரியை ஒருதரம் வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “அப்ப நீங்களே எழுதித் தாங்களன்” என்றார். அவர் கேட்டது ஒரு வரி. எனக்கு ஒரு வரியில் எதையும் சொல்லி முடிக்க வராது என்பது அந்தக் கந்தோரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

இலங்கையின் கிழக்குக் கரையில் கச்சான் என்றால் எங்களுக்கு இரண்டு பொருள். ஒன்று கடற்கரையில் சுருளில் வாங்கித் தின்னும் வேர்க்கடலை. மற்றது மேற்கேயிருந்து வயல்களைக் கடந்து, சூட்டையும் தூசியையும் வாரிக்கொண்டு கடலை நோக்கி வீசும் காற்று. அரைகுறைத் தமிழோடு தெற்கிலிருந்து வந்த புது இன்ஜினியர் ஒருவர், ‘கச்சானால் கம்பி அறுந்தது’ என்ற எங்கள் முறைப்பாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு, கம்பத்துக்கு மேலே கொண்டுபோய்க் கடலை தின்றது யார் என்று விசாரித்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அவரவருக்குப் பழகிய பொருள்தான் முதலில் தலைக்குள் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது இருபத்தோராவது வயதில். முதல் மூன்று வருடம் கம்பம் நடக் குழி தோண்டினேன், ஏணி சுமந்தேன், கம்பி இழுத்தேன். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மேலே ஏற விட்டது நாலாவது வருடத்தில்தான். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, முதுகு வலித்தது என்பதைத் தவிர.

உண்மையில் வேலை பழகியது தேவராசா ஐயா எங்கள் பிரிவுக்கு மேலதிகாரியாக வந்த பிறகு. மட்டக்களப்புப் பக்கத்து ஆள். மெலிந்தவர், உரத்துக் கதைக்க மாட்டார், ஏசவும் மாட்டார். ஜீப்பை விட்டு இறங்கினால் முதலில் கேட்பது ஒன்றுதான்: “காத்து எங்கால?” காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாதவன் அன்றைக்கு ஏணியைத் தொட முடியாது. இன்னொரு பழக்கம், அவர் சொன்ன கட்டளையை நாங்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். “ரெண்டாம் கம்பத்துச் சுவிச்சத் திறக்கிறன் ஐயா, திறந்து போட்டுப் பூட்டுப் போடுறன்” என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் கை வைக்கலாம்; சுவிட்சைத் திறப்பதென்றால் மின்சாரத்தை நிறுத்துவது. சின்னப்பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்புவிப்பது போலிருக்கும். எங்களுக்கு அது பெரிய வெட்கக்கேடு. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் அவரைப் போலவே கதைத்துச் சிரிப்போம்.

ஒருநாள் மேலே நின்ற ஒருவன் “லைனப் போடவா?” என்று கேட்டான். கீழே நின்றவன் “போடு” என்றான். மேலே நின்றவன் கேட்டது அறுந்த கம்பித் துண்டைக் கீழே போடவா என்று. கீழே நின்றவன் நினைத்தது, வேலை முடிந்து மின்சாரத்தைப் போடக் கேட்கிறான் என்று. நல்ல காலத்துக்குத் துண்டுக் கம்பி மட்டும் விழுந்து, எவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐயா எங்களை வட்டமாக நிற்க வைத்தார்.

“மனே, லைனுக்குக் கீழ நிண்டு ஒத்தச் சொல்லுக் கதைக்கப்படாது. போடு, எடு, இழு, விடு, ஒண்டும் வேணாம். என்னத்த, எப்பிடி எண்டு முழுசாச் சொல்லு. நேரம் போகுதெண்டு பயப்படாத.”

திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னோம்.

பட்டம் எப்படிப் பறக்கிறது என்று நான் யோசித்ததும் இவரால்தான். ஒரு கச்சான் காலத்தில், கடற்கரை வீதியால் போகும் முப்பத்துமூவாயிரம் வோல்ட் கம்பியில் ஒரு பட்டத்தின் நூல் சுற்றிக்கொண்டது. நூல் பிடித்தவர் அறுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டமோ விழவில்லை. இரண்டு நாளாக இராப்பகலாக, யாரும் பிடிக்காமல், தன்பாட்டில் ஆகாயத்தில் நின்றது. ஜின் பிடித்திருக்கிறது என்று ஊரில் கதை கிளம்பிவிட்டது. ஐயாவிடம் போய்ச் சொன்னபோது அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “பட்டம் விடுறது ஆரு?” என்று என்னைக் கேட்டார்.

“ஒருத்தரும் இல்ல ஐயா.”

“நல்லாப் பாரு. கம்பி விடுது.”

லைனை நிறுத்தி நான் மேலே ஏறினேன். நூலை வெட்டினால் பட்டம் கடல் கடந்து போய்விடும் என்று நினைத்துக்கொண்டு வெட்டினேன். அது இரண்டு கரணம் அடித்து, வீதிக்கு அந்தப் பக்கத்து வளவில் கோழிக்கூட்டின் மேல் விழுந்தது. கட்டி வைத்திருந்தபோது இரண்டு நாள் பறந்த சாமான், அவிழ்த்துவிட்டதும் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

இறங்கி வந்ததும் ஐயா விளக்கினார். கச்சானில் கூரைத் தகரம் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு இது லேசாக விளங்கும். தகரத்தைக் காற்றுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தால் ஆளைப் பின்னுக்குத் தள்ளும். படுக்கையாகப் பிடித்தால் சும்மா இருக்கும். முன்விளிம்பு கொஞ்சம் உயர்ந்து சரிந்துவிட்டாலோ, ஆளையே தூக்கப் பார்க்கும். சரிந்த முகத்தில் மோதுகிற காற்று கீழ்நோக்கித் திருப்பி விடப்படுகிறது. காற்றைக் கீழே தள்ளும் பொருளை, காற்று பதிலுக்கு மேலே தள்ளுகிறது. முதுகுப்பக்கமாகச் சுற்றி ஓடும் காற்று வேகம் கூடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது, அதுவும் சேர்ந்து தூக்குகிறது. பட்டத்தின் முகத்தில் கட்டும் முச்சைக் கயிறு அந்தச் சரிவைத் தீர்மானிக்கிறது. வால் அது தலைகீழாகாமல் பார்த்துக்கொள்கிறது.

இவ்வளவும் நூல் இறுக்கமாக இருக்கும்வரைதான். காற்று பட்டத்தைத் தூக்குவது மட்டுமில்லை, தன்னோடு கொண்டுபோகவும் பார்க்கிறது. நூல் அதை மறிக்கிறது. மறித்து வைத்திருப்பதால்தான் காற்று அதன்மேல் ஓடுகிறது. நூல் போனால் பட்டமும் காற்றோடு சேர்ந்தே போகத் தொடங்கும். காற்றோடு போகிற பட்டத்தின்மேல் மோதுவதற்குக் காற்று ஏது? அதனால் விழுகிறது. ஒரே மூச்சில் நிறைய நூல் கொடுத்தாலும் இதேதான் நடக்கும், கொஞ்ச நேரத்துக்கு.

இந்தக் கடைசி வசனத்தை நான் ஐயாவுக்குத் திருப்பிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு, நோன்புப் பெருநாள் கச்சான் காலத்தில் வந்த ஒரு வருடம். அப்போது நான் லைன்மேன்களுக்கு மேலே போமன் ஆகிவிட்டேன். ஐயா ஓய்வுக்குப் போக இன்னும் சில மாதங்கள் இருந்தன. பெருநாளுக்கு மறுநாள் மருதமுனையில் ஒரு விளையாட்டுக் கழகம் பட்டப் போட்டி வைத்தது. கடற்கரை மணலில்தான் வைப்போம் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள். ஆனால் கச்சான் கடலை நோக்கி வீசும் காற்று. மணலில் நின்று ஏற்றினால் இறங்குகிற பட்டமெல்லாம் தண்ணீரில் விழும். பெருநாள் காசில் செய்த பட்டத்தை எவன் கடலுக்குக் கொடுப்பான்? ஆகவே கடைசி நேரத்தில் வீதிக்கு மேற்கே உள்ள மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். மைதானத்தில் நின்று ஏற்றினால் பட்டம் வீதியைக் கடந்து, எங்கள் கம்பியையும் கடந்து, கடலுக்கு மேலே நிற்கும். செய்தி கிடைத்து நான் ஓடிப்போனபோது பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்திருந்தது. மற்றவர்கள் எல்லோரும் இறக்கிவிட்டார்கள். ஒரே ஒரு பட்டம் மட்டும் மேலே நின்றது.

ஆளுயரத்தை விடப் பெரிய பட்டம். பிடித்திருந்தவர் ஹனீபா. நாற்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு தறி வைத்துச் சாரி நெய்கிறவர். அவர் வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தவன் நான்தான், அதனால் நல்ல பழக்கம். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தறிக்கு நூல் சுற்றும் பெரிய கட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

நான் வீதியில் கம்பிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பட்ட நூல் என்பது தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இது தெரிந்தது. மேற்கே சாய்ந்த வெயிலில், அவர் கையிலிருந்து பட்டம் வரைக்கும் ஒரு கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

சாரிக் கரைக்குப் போடும் சரிகையை நூலோடு சேர்த்து முறுக்கியிருக்கிறார் மனுசன்! பட்டம் மட்டுமில்லாமல் நூலும் மின்ன வேண்டும், நடுவர்கள் வாய் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். சரிகை என்றால் உள்ளே இழை, வெளியே உலோகம். மீன்பிடிக்கிறவன் தூண்டில் தங்கூசியில் பட்டம் கட்டுவான், கடைக்காரன் நைலோனில் கட்டுவான். உலோகத்தால் நூல் திரித்து அதைக் கம்பிக்கு மேலே ஏற்ற மருதமுனை நெசவாளி ஒருவரால்தான் முடியும். அந்த நூல் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, கிட்ட வந்தாலே போதும். மறுமுனை அவருடைய வெறுங்கையில் இருந்தது. தரையில் வெறுங்காலோடு நின்றார்.

ஐயாவுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். லைனை நிறுத்தும் சுவிட்ச் ஒரு மைல் தள்ளி இருந்தது. “நானே போய் நிப்பாட்டுறன். பத்து நிமிசம். அதுவரைக்கும் நூல் கீழ பதியாமப் பாத்துக்க” என்றார். நூல் பதியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று திருப்பிச் சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கச்சான் அசந்துபோனது. சில நாள் பின்னேரத்தில் அப்படித்தான். தரைக்காற்று களைக்கும், கடற்காற்று இன்னும் உள்ளே வந்திருக்காது, இடையில் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. தென்னோலைகள் தொங்கின. மினுங்கும் கோடு நடுவில் வயிறு வைக்கத் தொடங்கியது.

எனக்கு மண்டைக்குள் இருந்ததெல்லாம் அந்தக் கை மட்டும்தான். கட்டையைக் கைவிட்டுவிட்டு இந்த மனுசன் தப்பி ஓடட்டும் என்று நினைத்தேன். வீதியிலிருந்தே அடித்தொண்டையால் கத்தினேன்:

“ஹனீபாஆ! விடு! விடு!”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு விட்டார்.

எங்கள் ஊரில் பட்டம் ஏற்றுவதற்குப் பெயர் பட்டம் விடுவது. நூலைக் கூடக் கொடுப்பதற்குப் பெயர் நூல் விடுவது. பட்டத்தோடு நிற்கிற ஒருவரிடம் ‘விடு’ என்றால் அவர் வேறு எதைச் செய்வார்? கட்டையைத் தளர்த்தினார். அது கடகடவென்று உருண்டது, நூல் ஓடியது. ஏற்கெனவே காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்த பட்டம், இருந்த பிடிமானமும் போய்த் தலையைக் குனிந்து பதிந்தது. நூலின் வயிறு, கம்பிக்கு மேலே இரண்டு ஆளுயரமே மிச்சமிருக்கும் அளவுக்கு இறங்கிவிட்டது.

இந்த மனுசனைக் கொல்வது நான்தான் என்று தெளிவாகத் தெரிந்தது. அவர் கட்டையைக் கைவிட்டிருந்தாலும் சரியாக இருந்திருக்காது, வீதி நிறையப் பெருநாள் சனம் நின்றது, பிடி விட்ட பட்டத்தின் நூல் கம்பிமேல் விழுந்து அவர்கள் தலையில்தான் தொங்கியிருக்கும். ஒரே சொல்லில் இரண்டு பிழை.

மைதானத்துக்குள் ஓடினேன். அவரைத் தொடவில்லை, தொடக்கூடாது. பத்தடி தள்ளி, அவர் முகத்துக்கு நேரே நின்று, மூச்சை ஒருதரம் இழுத்துவிட்டுச் சொன்னேன்.

“கட்டைய இறுக்கிப் புடிங்க. நூல் கூடவும் வேணாம், கொறயவும் வேணாம். புடிச்சபடி பின்னால நடங்க. திருப்பிச் சொல்லுங்க.”

அவருக்கு முகம் வெளுத்திருந்தது. “இறுக்கிப் புடிச்சிட்டன் காக்கா. பின்னால நடக்கிறன்.”

“நிக்காம நடங்க. ஓட வேணாம்.”

காற்று வராவிட்டால் பட்டத்தைக் காற்றுக்கு எதிரே கொண்டுபோக வேண்டும், கணக்கு ஒன்றுதான். அவர் பின்னோக்கி நடக்க நடக்க நூல் இறுகியது, பட்டம் தலை நிமிர்ந்தது. இன்னொரு நன்மையும் இருந்தது. கம்பியிலிருந்து அவர் எவ்வளவு தள்ளிப் போகிறாரோ, அவ்வளவுக்கு நூல் கம்பியை உயரமாகக் கடக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் மதில்வரை எழுபது எட்டு வைக்கத்தான் இடம் இருந்தது. மதிலுக்கு அப்பால் ஒடுங்கிய ஒழுங்கைப் பாதை, ஒழுங்கை முழுக்க வீடுகளுக்குப் போகிற கம்பிகள்.

நான் அவருக்குப் பக்கவாட்டில் நடந்தேன். பார்க்க வந்தவர்கள் இருந்த கதிரைகளை ஓரமாக இழுக்கச் சொன்னேன். ஐஸ்பழக்காரரை வண்டியோடு தள்ளிப் போகச் சொன்னேன். “இடப்பக்கம் ஒரு எட்டு, கோல்கம்பம் இரிக்கி. செரி. நேரா வாங்க.” சத்தம் போட்டுக்கொண்டிருந்த சனம் அடங்கிவிட்டது. அவர் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நானும் ஓதினேன். பட்டம் கடலை விட்டு மணலுக்கு வந்தது, மணலை விட்டு வீதிக்கு வந்தது. ஹனீபாவின் முதுகு மதிலில் முட்டியபோது பட்டம் கம்பிக்கு நேர் மேலே நின்றது. வால் இன்னும் அந்தப் பக்கம் தொங்கியது.

“இப்ப சுத்துங்க. நிக்காமச் சுத்துங்க.”

“சுத்துறன்.”

கட்டை சுழன்றது. பழஞ்சாரியில் கிழித்த அந்த நீண்ட வால் கம்பியை மெதுவாகத் தாண்டி, மைதானத்துக்குள் வந்தது. பிறகு பட்டம் தன்பாட்டில் இறங்கிப் புல்லில் விழுந்தது. ஹனீபா அப்படியே மதிலோடு சரிந்து உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் நூல் ஓடியதில் கிழிந்து இரத்தம் வந்தது.

ஐயா லைனை நிறுத்திவிட்டேன் என்று அழைத்தது அதற்குப் பிறகு. வந்து இறங்கியதும் முதலில் பட்டத்தைப் பார்த்தார், நூலை விரலால் தடவினார், பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். நூல் எப்படி அவ்வளவு பதிந்தது என்று கேட்டார். காற்று விழுந்தது என்றேன். வேறு என்ன என்றார். அவர் கேட்கும் விதம் அப்படி, அதட்டல் ஒன்றும் இருக்காது, ஆனால் பொய் சொல்ல வராது. விடு என்று கத்தினேன் என்றேன்.

“அறிக்கையில அதையும் எழுது” என்றார். “நீ காப்பாத்தினதையும் எழுது. ஆனா அது ரெண்டாவதா வரட்டும்.”

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊரிலோ வேறு கதை ஓடியது. லைன்மேன் காக்கா இல்லாவிட்டால் ஹனீபா அன்றைக்கே செத்த மையித்து என்று சந்தையில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. தறி நின்றிருந்தது. அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“ஹனீபா, ஊர் சொல்றதக் கேட்டு நீங்க என்னப் பெரிசா நினைக்காதீங்க. அண்டைக்கி நூல் பதிஞ்சது என்னாலதான். நான் கட்டையக் கீழ போட்டுட்டு ஓடுங்க எண்டு நினைச்சித்தான் விடு எண்டு கத்தினன். ஒங்களுக்கு அது நூல் விடு எண்டு விளங்கிட்டு. என்ன மன்னிச்சிருங்க.”

அவர் சிரித்தார். “அதுக்கென்ன காக்கா. நான் இருவது வருசமாப் பட்டம் விடுறன். காத்து விழுற நேரம் நூல் விட்டா பட்டம் பதியும் எண்டு எனக்கித் தெரியாதா?”

“தெரிஞ்சிமா விட்டீங்க?”

“ஓம். பிழையெண்டு மனசு சொல்லிச்சி. ஆனா கம்பியப் பத்தி நமக்கென்ன தெரியும், கரண்டுக்கார மனுசன் கத்துறார், அவருக்குத் தெரியாமலா கத்துவார் எண்டு விட்டன்.” கட்டுப்போட்ட கையால் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். “குடிங்க காக்கா, ஆறுது. நாளைக்கி நீங்க கத்தினாலும் விடத்தான் செய்வன்.”

“அடுத்த முறை நான் விடு எண்டு கத்தினா, என்னத்த விட எண்டு முதல்ல கேளுங்க, திருப்பிச் சொல்லுங்க” என்றேன்; அவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கோப்பையை எடுத்தேன்.